டிவி பதிவு கட்டம் கட்டமாக உடைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பழக்கம் எங்கள் சொந்தத்திலும் தெருவிலும் நிறையப் பேருக்கு உண்டு. கச்சேரி, பட்டிமன்றம், குடமுழுக்கு நேரலை, பேத்தி மேடையேறிய நடன நிகழ்ச்சி என்று சேர்த்து வைப்பார்கள். ஒருநாள் போட்டுப் பார்த்தால் படம் உடையும், குரல் பின்தங்கும், சில நேரம் ஃபைலே திறக்காது. உடனே பென் டிரைவ் என் கைக்கு வந்துவிடும். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன என்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் டிடி ஃப்ரீ டிஷ் போன்ற இலவச ஒளிபரப்பைப் பிடிக்கும் பெட்டிகளில் எடுத்த பதிவுகளை வைத்துச் சொல்கிறேன். மற்ற பதிவுகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்தப் பழுதைச் சரி பார்ப்பதானாலும் முதலில் ஃபைலை ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். "சரியாகிவிட்டது" என்று நினைத்து மூலத்தை அழித்தவர்கள் பின்னால் வருத்தப்பட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. படம் திடீர்னு சின்னச் சின்னக் கட்டமா உடையுது. டிவி கெட்டுப்போச்சா?

டிவி கெட்டுப்போவது மிக அபூர்வம். வருகிற படமே சுருக்கப்பட்ட படம் என்பதுதான் இதற்குக் காரணம். சாதாரண எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 124 மெகாபிட் வேண்டும். வானத்திலிருந்து நமக்கு வருவதோ மூன்று மெகாபிட் அளவில்தான். நாற்பதில் ஒரு பங்கு!

இவ்வளவு சுருக்க முடிவதற்குக் காரணம், எல்லாப் படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முழுப்படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியது என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். அந்த முழுப்படத்துக்குக் கீ ஃபிரேம் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கீழே பல இடங்களில் வரும். ஒவ்வொரு படத்தையும் 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எஸ்டி படத்தில் இப்படி 1,620 கட்டங்கள். நடுவில் கொஞ்சம் தகவல் தொலைந்தால் சில கட்டங்களில் பழைய படமோ தப்பான படமோ நின்றுவிடும். அதன்மேல் கட்டப்படும் அடுத்த படங்களும் கோணலாகும். அடுத்த கீ ஃபிரேம் வந்ததும் எல்லாம் பளிச்சென்று சரியாகிவிடும்.

எம்பெக்-2 என்ற பழைய சுருக்கும் முறையில் வரும் சேனல்களில் அரை விநாடிக்கு ஒரு கீ ஃபிரேம் வருவது வழக்கம். எம்பெக்-4 என்று நாம் சொல்லும் எச்.264 சேனல்களில் இந்த இடைவெளி ஒன்றிரண்டு விநாடி வரை போகும். அதனால்தான் ஒரே பழுது ஒரு சேனலில் கண் சிமிட்டும் நேரத்தில் மறைகிறது, இன்னொன்றில் ஆளின் முகம் தாடையோடு இழுபட்டு நிற்கிறது.

2. தப்பு ஃபைல்ல இருக்கா, ஓட்டுற இடத்துல இருக்கா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறையப் பேர் இதைக் கேட்காமலேயே மென்பொருள்களை இறக்கிக் குவிக்கிறார்கள்.

உடைகிற இடத்தின் நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 23 நிமிடம் 14 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் பின்னால் போய் மறுபடி ஓட்டுங்கள். அதே 23:14இல், அதே மாதிரி உடைகிறதா? சரி, இப்போது ஃபைலை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி வேறொரு பிளேயரில் பாருங்கள். அங்கேயும் 23:14 என்றால் பழுது ஃபைலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தாலோ, ஹார்ட் டிஸ்கிலிருந்து சுத்தமாக ஓடினாலோ ஃபைல் நலம். ஓட்டும் கருவியோ டிரைவோதான் தடுமாறுகிறது.

கொஞ்சம் கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியிடம் ஃபைலை முழுதும் படிக்க மட்டும் சொல்லி, எதையும் எழுதாமல் விட்டால், உடைந்த இடங்களைத் திரையில் வரிசையாகக் காட்டிவிடும். இரண்டு மணி நேரப் பதிவை உட்கார்ந்து பார்க்கும் வேலை மிச்சம்.

3. ஃபைல் நல்லாத்தான் இருக்கு. ஆனா லேப்டாப்ல மட்டும் தடுமாறுது. என்ன செய்ய?

விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் ஓட்டுகிறீர்கள் என்றால் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் முடுக்கத்தை டிஸேபிள் செய்து பாருங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப்களுக்கு டிவி ஒளிபரப்பின் சில வகைகள் ஒத்துவருவதில்லை. பச்சைப் பட்டைகள், ஊதா நிறச் சிதறல் எல்லாம் பாதி நேரம் இதனால்தான். வைஃபை வழியாக வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டினால் கேச்சிங் அளவை, அதாவது முன்கூட்டியே படித்து வைக்கும் அளவை, 3000 மில்லிவிநாடிக்கு ஏற்றுங்கள். பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் டிஸ்குக்கு மாற்றிக்கொண்டாலே சிலருக்குத் தீர்ந்துவிடும்.

4. மழை பெய்யும்போது எடுத்த பதிவு. நடுவுல ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. அதை மீட்க முடியுமா?

அந்தப் பதிவிலிருந்து மீட்க முடியாது. டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் அலைகள் கேயூ பேண்டைச் சேர்ந்தவை, 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவு. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சிவிடும். பெட்டிக்கு வந்து சேராததை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது.

தூறலில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பார்கள். செயற்கைக்கோளிலிருந்து படம் 188 பைட் கொண்ட சிறு பாக்கெட்டுகளாக வருகிறது. டிவிபி-எஸ் என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் ஒவ்வொன்றோடும் 16 பைட் காப்புத் தகவலைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு பாக்கெட்டில் 8 பைட் வரை கெட்டாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். ஒன்பதாவது பைட்டும் கெட்டால் அந்தப் பாக்கெட்டைத் திருத்த வழியில்லை. அதனால்தான் டிஜிட்டல் டிவியில் பழைய ஆன்டெனா காலத்துப் புள்ளி புள்ளியான மங்கல் கிடையாது. நன்றாக ஓடும், அல்லது சடாரென்று விழும்.

எங்கள் அத்தை பாடிய கச்சேரி ஒரு நவம்பர் மாத மாலையில் ஒளிபரப்பானது. வெளியே ஐப்பசி மழை. தோடி ஆலாபனையில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போகும் நேரம், தம்புராக்காரரின் பட்டுப் பாவாடையில் முதல் கட்டம் விழுந்தது. பிறகு வலப்பக்க ஓரம் வரை ஒரு பட்டையாக ஓடியது. எம்பெக்-2 படத்தில் பழுது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கட்டங்களின் வரிசை ஒன்றில் நடுவே தகவல் தொலைந்தால் அந்த வரிசையின் மிச்சமும் போய்விடும். அடுத்து அத்தையின் கை மட்டும் நகர்ந்தது, முகம் நகரவில்லை. அப்புறம் கறுப்பு. மழை விட்டபோது மிருதங்கத் தனி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பதிவு எப்படி முடிந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

5. எங்க ஊர்ல அன்னிக்கு மழையே இல்ல. காலை பதினோரு மணிக்கு நாலஞ்சு நாளா தொடர்ந்து உடையுது.

மாதம் எது என்று பாருங்கள். மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியை ஒட்டியோ இருந்தால் அது சூரியன் வேலை. அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் நேராகச் சூரியனைப் பார்ப்பதால் அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில், தமிழ்நாட்டுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அதனால் நமக்கு இது உச்சிக்கு முன்பே, பதினோரு மணியை ஒட்டி நடக்கும். தினம் சில நிமிடங்கள், சில நாட்கள், அவ்வளவுதான். டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்.

மாதம் பொருந்தவில்லை என்றால் மாடிக்குப் போய், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியோடு கேபிள் சேரும் இடத்தைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூத்திருக்கும், அல்லது தண்ணீர் சொட்டும். வெயில் ஏற ஏற உலோகம் விரிந்து தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. புதுக் கனெக்டர் போட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் டேப்பைச் சுற்றுங்கள்.

6. சிக்னல் 90 சதவீதம்னு காட்டுது. அப்புறம் எப்படி உடையும்?

பெட்டியில் இரண்டு கோடுகள் இருக்கும், வலிமை ஒன்று, தரம் ஒன்று. நீங்கள் பார்த்தது வலிமை. சத்தமான சந்தையில் ஒருவர் உரக்கப் பேசினாலும் சொல்வது புரியாமல் போகலாம் அல்லவா? தரம் என்ற கோடுதான் புரிகிறதா என்பதைச் சொல்லும். பதிவு செய்யும் முன் அதைப் பாருங்கள். வெயில் நாளிலேயே அது விளிம்பில் நின்றால், மழை நாளில் நிச்சயம் விழும்.

7. பெரிய பென் டிரைவ் மலிவாக் கிடைச்சுது. முதல் ஒரு மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் எல்லாம் குப்பை.

அது போலி டிரைவ். 1 டிபி என்று மேலே அச்சடித்திருப்பார்கள், உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். கொள்ளளவு தாண்டியதும் டிரைவ் பிழை சொல்லாது. எழுதியதாகப் பாவனை செய்யும், அல்லது பழையதன்மேலேயே எழுதும். நானும் ஒருமுறை பஜாரில் இப்படி வாங்கி, ஒரு முழு இரவுக் கூத்தைத் தொலைத்தேன். இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் டிரைவை முழுதும் நிரப்பிச் சோதியுங்கள். லினக்ஸில் எஃப்3 என்று ஒன்று உண்டு.

போலி இல்லை, ஆனால் பதிவு முழுக்க ஆங்காங்கே ஒழுங்கான இடைவெளியில் விக்குகிறது என்றால் டிரைவின் எழுதும் வேகம் சீராக இல்லை. எச்டி சேனல்களில்தான் இது தெரியும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை உறைபோட்டுப் பயன்படுத்துவது நல்ல வழி. பெட்டியின் யுஎஸ்பி மின்சாரம் போதாவிட்டால் தனி மின்சாரம் உள்ள உறை வேண்டும்.

8. ஒரு மணி பத்து நிமிஷத்துல ஃபைல் நின்னு, வேற ஃபைல் ஆரம்பிக்குது. சேரும் இடத்துல படம் குதிக்குது.

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 8 மெகாபிட் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். அதனால் எழுபது நிமிடத்தைத் தாண்டியதும் பெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்குகிறது. பெட்டி என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் படிக்கும் என்றால் அந்த முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

பழைய துண்டுகளைச் சேர்க்க எடிட்டிங் மென்பொருளுக்குப் போக வேண்டாம். பெட்டி ஒரு பாக்கெட்டின் நடுவிலேயே வெட்டியிருக்கலாம். பாதிப் பாக்கெட் இங்கே, பாதி அங்கே. துண்டுகளை வரிசையாக, பைட்டுக்குப் பைட் அப்படியே ஒட்டினால் அந்தப் பாக்கெட்டும் முழுதாகிவிடும். விண்டோஸின் கட்டளைத் திரையில் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்தாலே போதும். சேரும் இடத்தில் பிறகும் குதித்தால், துண்டு மாறும் நொடியில் பெட்டியே சிலவற்றைத் தவறவிட்டிருக்கிறது.

9. பதிவு ஓடும்போதே கரண்ட் போயிடுச்சு. ஃபைல் 0 கேபின்னு காட்டுது. எல்லாம் போச்சா?

போகவில்லை, பதற வேண்டாம். அந்த டிரைவில் அடுத்து எதையும் பதிவு செய்யாதீர்கள், அது மட்டும் முக்கியம். படம் டிரைவில் எழுதப்பட்டிருக்கிறது. ஃபைலின் அளவைக் குறித்து வைக்கும் கடைசி வேலைதான் நடக்கவில்லை. முடிந்தால் டிரைவை அப்படியே நகலெடுத்து, விண்டோஸின் செக்டிஸ்க் கருவியைத் திருத்தும் முறையில் ஓட்டுங்கள். எஃப்ஏடி32 டிரைவில், யாருக்கும் சொந்தமில்லாத பகுதிகளைச் சேகரித்து சிஎச்கே என்று முடியும் ஃபைல்களாகத் தரும். அவற்றில் பெரியதை எடுத்து, பெயரின் முடிவை டிஎஸ் (ஒளிபரப்பின் பாக்கெட்டுகளை அப்படியே வைத்திருக்கும் ஃபைல் வகை) என்று மாற்றி விஎல்சியில் போடுங்கள். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

டிஎஸ் ஃபைலின் பெருமையே இதுதான். எம்பி4 ஃபைலில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும், அது இல்லாமல் ஃபைல் திறக்காது. டிஎஸ் ஃபைலில் ஒவ்வொரு பாக்கெட்டும் 71 என்ற அடையாள எண்ணோடு தொடங்கும். பிளேயர் நடுவில் எங்கே நுழைந்தாலும் 188 பைட்டுக்கு ஒருமுறை அந்த 71ஐத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

10. ஆரம்பத்துல ஒரு விநாடி பச்சையாவோ சாம்பலாவோ வருது. ஏன்?

இரண்டு கீ ஃபிரேம்களுக்கு நடுவில் பதிவைத் தொடங்கியிருக்கிறீர்கள். எதன்மேல் மாற்றங்களைச் சேர்ப்பது என்று பிளேயருக்குத் தெரியவில்லை. பச்சை வருவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சமும் இரண்டு நிறக் கூறுகளும் பூஜ்யமாக இருந்தால் கணக்குப்படி கிடைக்கும் நிறம் கரும்பச்சைதான். இது பழுது அல்ல. நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் முன்பே பதிவைத் தொடங்குங்கள்.

11. யாராவது கையை ஆட்டினா ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாத் தெரியுது.

ஃபைலில் பழுது இல்லை. நம்மூர் ஒளிபரப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வருகிறது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் மறு பாதி, விநாடிக்கு 50 பாதிகள். இரண்டு பாதிக்கும் இடையே 50இல் ஒரு பங்கு விநாடி வித்தியாசம் இருப்பதால், அசையும் கை இரண்டு இடத்தில் இருக்கும். டிவி இதைத் தானாகச் சமாளிக்கும், கம்ப்யூட்டரில் நாம் சொல்ல வேண்டும். விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையில் யாடிஃப் 2எக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அந்த எழுத்து முன்னும் பின்னும் உதறினால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. யாரோ மாற்றம் செய்யும்போது நேர்ந்த தவறு அது, மூல ஃபைலுக்குத் திரும்பிப் போங்கள்.

12. கட்டமும் இல்ல, கோடும் இல்ல. ஆனா கேமரா நகரும்போது வெட்டி வெட்டிப் போகுது.

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒளிபரப்போ 25 படம், 50 பாதி. 50ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது, அதனால் சில படங்கள் இரண்டு முறை வரும். டிஸ்பிளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் மாற்றிப் பாருங்கள். பெரிய டிவியோடு எச்டிஎம்ஐயில் இணைத்தால் அது பெரும்பாலும் கிடைக்கும்.

13. எம்பி4 ஆக்கினா எல்லாம் சரியாகும்னு சொன்னாங்க. உண்மையா சார்?

இரண்டு வேறு வேலைகளை ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஒன்று, சாம்பாரைக் குண்டானிலிருந்து தூக்குக்கு மாற்றுவது. படமும் ஒலியும் அப்படியே இருக்கும், ஃபைலின் உறை மட்டும் மாறும், சில நிமிடத்தில் முடியும். இன்னொன்று, படத்தை விரித்து மறுபடி சுருக்குவது. இது மணிக்கணக்கில் ஓடும், தரம் குறையும். உடைந்த கட்டங்களையும் இது உண்மையான படம் என்று நம்பி, உழைத்துப் பத்திரமாகச் சேமித்துவிடும்.

முதல் வகை சில நேரம் உண்மையிலேயே உதவும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவசக் கருவியில் டிஎஸ் ஃபைலைப் போட்டு எம்கேவி என்ற உறைக்கு மாற்றினால் அட்டவணை ஒன்று உருவாகும், முன்னே பின்னே தள்ளுவது சுலபமாகும். கட்டம் விழுவது அப்படியேதான் இருக்கும். இரண்டாம் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. இடம் இல்லை என்றால் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

14. மாத்தினதுக்கப்புறம் குரல் உதட்டோட சேரல. போகப் போக இன்னும் பின்தங்குது.

முழுக்க ஒரே அளவு விலகியிருந்தால் பிரச்சினை சிறியது. விஎல்சியில் ஜே, கே விசைகளை அழுத்தினால் ஒலி 50 மில்லிவிநாடி முன்னும் பின்னும் நகரும். போகப் போகக் கூடுகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும்.

மூலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒலித்துண்டுக்கும் இந்த நேரத்தில் காட்டு என்று முத்திரை உண்டு. மழையில் 40 படம் தொலைந்தாலும் அடுத்த படத்தின் முத்திரை சரியான நேரத்தைச் சொல்லும். அதனால் மூல ஃபைலில் விலகல் வராது. சில மாற்றுக் கருவிகள் முத்திரையைப் பார்க்காமல் படங்களை எண்ணி அடுக்கும். அப்போது தொலைந்த இடம் மூடிக்கொண்டு, ஒலி அந்த அளவு பிந்தும். ஒவ்வொரு விடுபடலுக்கும் இது கூடும். எம்பெக்-2 பதிவுகளுக்கு புராஜெக்ட் எக்ஸ் என்ற பழைய இலவசக் கருவி உண்டு. படம் போன இடத்தில் ஒலியையும் அளந்து வெட்டும், ஒலி போன இடத்தில் மௌனத்தை வைக்கும். பழைய கருவிதான், ஆனால் இந்த வேலைக்கு நான் இன்னும் அதைத்தான் நம்புகிறேன்.

15. அரை மணி நேரப் பதிவு, ஆனா 26 மணி நேரம்னு காட்டுது! நடுவுல ஒரு இடத்துல மாட்டிக்குது.

பயப்பட வேண்டாம், அழகான காரணம் இது. மேலே சொன்ன நேர முத்திரை 33 பிட் எண். விநாடிக்கு 90,000 வீதம் எண்ணும். 26 மணி 30 நிமிடம் 43 விநாடியில் எண் தீர்ந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சைக்கிள் கடைக்காரரின் பழைய மீட்டர் 9999க்குப் பிறகு 0000 ஆவது போல. உங்கள் பதிவின் நடுவில் அந்தத் திருப்பம் விழுந்திருக்கிறது. நல்ல பிளேயர் புரிந்துகொள்ளும், சில பிளேயர்கள் குழம்பும். எம்கேவிக்கு மாற்றினால், அதாவது 13இல் சொன்ன முதல் வகை மாற்றம், பெரும்பாலும் தீரும்.

16. விளம்பரம் முடிஞ்சதும் சத்தமே இல்ல. டிவியில பார்க்கும்போது வந்துச்சே?

விளம்பரத்துக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஒலியின் வகை மாறியிருக்கும். ஸ்டீரியோவிலிருந்து 5.1, அல்லது ஒரு ஒலித்தடத்திலிருந்து இன்னொன்று. டிவி பெட்டி அந்த மாற்றத்தை உடனுக்குடன் பின்தொடரும். மாற்றுக் கருவியோ தொடக்கத்தில் பார்த்ததையே கடைசி வரை நம்பும். மூல ஃபைலை விளம்பரம் முடிந்த இடத்தில் இரண்டாக வெட்டி, தனித்தனியாக மாற்றுங்கள்.

17. விளம்பரத்தை வெட்டின இடத்துல எல்லாம் ஒரு நொடி கலங்குது.

கீ ஃபிரேம் அல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். 10இல் சொன்ன அதே சங்கதிதான். அவிடெமக்ஸ் என்ற வெட்டும் மென்பொருளில் மேல், கீழ் அம்புக்குறிகள் கீ ஃபிரேமுக்குக் கீ ஃபிரேம் தாவும். அங்கே வைத்து வெட்டுங்கள். அப்படியும் லேசாகக் கலங்கினால், கீ ஃபிரேமை அடுத்துக் காட்டப்படும் சில படங்கள் வெட்டப்பட்ட பக்கத்தையும் சார்ந்திருக்கின்றன. விளம்பரத்தின் கடைசி விநாடியை விட்டுவைத்து வெட்டுங்கள், கலக்கம் அதற்குள் அடங்கிவிடும்.

18. கட்டண டிடிஎச் பெட்டியில எடுத்தது. கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணும் தெரியல.

அது கெட்டுப்போன பதிவு இல்லை, பூட்டிய பதிவு. அந்தப் பெட்டிகள் அந்தப் பெட்டிக்கு மட்டுமே தெரிந்த திறவுகோலால் பூட்டித்தான் எழுதுகின்றன. பெட்டி பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகளும் திறக்காது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். பேரனின் முதல் மேடையை அப்படி இழந்த பெரியவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். குடும்பத்தார் வரும் நிகழ்ச்சி என்றால் நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடமே ஒரு பிரதி கேளுங்கள், நிறையப் பேர் தருகிறார்கள்.

19. எத்தனை பாக்கெட் தொலைஞ்சுதுன்னு எண்ண முடியுமா?

முடியும், கிட்டத்தட்ட. படம் ஒரு தடம், ஒலி ஒரு தடம். ஒவ்வொரு தடத்தின் பாக்கெட்டிலும் 0 முதல் 15 வரை ஓடும் வரிசை எண் உண்டு, பள்ளி நோட்டின் பக்க எண் போல. 7க்குப் பிறகு 9 வந்தால் ஒன்று போனது. சரியாகப் பதினாறு பாக்கெட் மொத்தமாகப் போனால் 7க்குப் பிறகு 8 தான் வரும், எண்ணும் கருவிக்குத் தெரியாது. அதனால் எண்ணிக்கையைவிட இடங்களைப் பாருங்கள். பதிவு முழுக்கச் சீராகச் சிதறியிருந்தால் கேபிள், டிஷ் பக்கம் தேடுங்கள். ஓரிடத்தில் குவிந்திருந்தால் மழை, மின்சாரம், அந்த நேரத்தில் நடந்த ஏதோ ஒன்று.

20. நானும் எங்க அக்காவும் ஒரே நிகழ்ச்சியைத் தனித்தனியாப் பதிவு பண்ணோம். அவங்க ஊர்ல மழை இல்ல. ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்க முடியுமா?

முடியும். நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. ஒரு நிபந்தனை, இரண்டும் ஒரே செயற்கைக்கோளின் ஒரே சேனலாக இருக்க வேண்டும். ஒருவர் ஃப்ரீ டிஷ்ஷிலும் மற்றவர் உள்ளூர் கேபிளிலும் எடுத்திருந்தால் சுருக்கிய விதமே வேறாக இருக்கும், ஒட்டாது. ஒரே ஒளிபரப்பு என்றால் 14இல் சொன்ன நேர முத்திரைகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். முத்திரை இடுவது ஒளிபரப்புபவர், பெட்டி அதை அப்படியே எழுதுகிறது. ஆகவே கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டியதில்லை. உடைந்த பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள கீ ஃபிரேம்களின் முத்திரைகளைக் குறித்துக்கொண்டு, அக்காவின் ஃபைலிலும் அதே இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை மட்டும் எடுத்து வைக்க வேண்டியதுதான். மறுபடி சுருக்காததால் ஒட்டு தெரியாது.

அத்தையின் கச்சேரியை இப்படித்தான் மீட்டோம். மழை பெய்தது எங்கள் ஊரில். திண்டுக்கல்லில் இருக்கும் சித்தி மகன் அதே கச்சேரியைப் பதிவு செய்து, பார்க்காமலேயே வைத்திருந்தான். அவன் ஃபைலின் தொடக்கம் எங்களுடையதைவிடப் பதினோரு நிமிடம் தாமதம், முடிவில் டிரைவ் நிறைந்து நின்றுவிட்டது. ஆனால் நடுப்பகுதி முழுதாக இருந்தது. பட்டுப் பாவாடையில் கட்டம் விழுவதற்கு முந்தைய கீ ஃபிரேமிலிருந்து, தனி ஆவர்த்தனத்தின் நடுவில் எங்கள் படம் திரும்பிய இடம் வரை அவனுடையதை எடுத்து வைத்தேன். அத்தை மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிற்கும்போது பின்னால் இருந்தவர் தம்புராவை ஒருமுறை நிமிர்த்திக்கொள்வது கூட அதில் இருக்கிறது.